கல்லறைக் கல்லும் கிடாரிக் கணக்கும்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கடலைப் பார்த்தபடி இருக்கும் பிளிமத் ஊரின் இடுகாட்டுக் குன்றில், ஜான் ஹவுலண்ட் என்பவருக்கு 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஒரு நினைவுக்கல் நடப்பட்டது. 1620-இல் மேபிளவர் கப்பலில் வந்திறங்கிய முதல் குடியேறிகளில் ஒருவர் அவர். குடியேற்றத்தின் முதல் ஆளுநரான ஜான் கார்வரின் மகளை ஹவுலண்ட் மணந்தார் என்று அந்தக் கல் சொன்னது. நட்டவர்கள் அவருடைய வம்சத்தினர். பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்ததைக் கல்லில் வெட்டினார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தச் செய்தி தவறு. பிற்பாடு அந்தக் கல்லை மாற்றிச் சரியான பெயரோடு வேறு கல் வைக்க வேண்டியதாயிற்று. ஒரு பழைய அமெரிக்கக் குடும்பத்தின் கொடிவழியைத் தேடிச் செல்லும் எவரும் கற்க வேண்டிய முதல் பாடம் இந்தக் கல்லில் இருக்கிறது. முன்னோரைப் பெருமைப்படுத்த எழுதியவற்றைவிட, அவர்கள் வாழ்ந்த நாளில் மாட்டுக்கும் நிலத்துக்கும் போர்வைக்கும் கணக்குத் தீர்க்க எழுதிய தாள்களே உண்மைக்கு நெருங்கிய சாட்சிகள். இந்த ஒரே குடும்பத்தின் ஆவணங்களைக் கொண்டே அதைக் காட்ட முடியும்.

ஹவுலண்ட் இங்கிலாந்தின் ஃபென்ஸ்டாண்டன் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். கார்வரின் வீட்டுப் பணியாளராகக் கப்பலேறினார். நடுக்கடலில் புயல் அடித்தபோது தளத்துக்கு வந்த அவரை அலை வாரிக் கொண்டுபோனது; கடலில் தொங்கிக்கொண்டிருந்த பாய்க் கயிறு ஒன்றைப் பற்றிக்கொண்டதால் பிழைத்தார். கப்பலில் வந்த 102 பேரில் ஏறத்தாழப் பாதிப்பேர் முதல் குளிர்காலத்திலேயே மடிந்தார்கள். 1621 வசந்த காலத்தில் கார்வரும், சில வாரங்களில் அவர் மனைவியும் இறந்தார்கள். ஹவுலண்ட் நெடுநாள் வாழ்ந்து, பத்துப் பிள்ளைகளையும் எண்பதுக்கு மேற்பட்ட பேரப்பிள்ளைகளையும் விட்டுச் சென்றார். அதிபர்கள் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் புஷ் இருவரும் அந்தக் கொடிவழியில் வந்தவர்கள். இத்தனை பெரிய வம்சத்துக்குத் தாய் யார் என்ற கேள்விக்குக் குடும்பக் கதை ‘ஆளுநரின் மகள்’ என்று விடை சொன்னது. ஹவுலண்ட் கார்வர் வீட்டில் இருந்தவர். அவர் மணந்த பெண்ணின் பெயர் எலிசபெத். ஆகவே அவள் அந்த வீட்டுப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரோ ஊகித்திருக்கக்கூடும். முதலில் சொன்னவருக்கு ஊகமாக இருந்தது, பேரனுக்குச் செய்தியாகி, கொள்ளுப்பேரனுக்குக் கல்லெழுத்தாகிவிடுகிறது.

கதையை உடைத்தது ஒரு கையெழுத்துப் புத்தகம். கார்வருக்குப் பின் ஆளுநரான வில்லியம் பிராட்ஃபோர்ட், குடியேற்றத்தின் வரலாற்றைத் தம் கையாலேயே எழுதி வைத்தார். 18-ஆம் நூற்றாண்டில் பாஸ்டனில் இருந்த அந்தப் புத்தகம், அமெரிக்க விடுதலைப் போர்க் காலத்தில் காணாமற்போனது. 1844-இல் இங்கிலாந்தில் வெளியான ஒரு திருச்சபை வரலாற்று நூல் மேற்கோள் காட்டியிருந்த சில வரிகளைப் பார்த்து, 1855-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் திடுக்கிட்டார்கள். அவை காணாமற்போன புத்தகத்தின் வரிகள். லண்டன் பேராயரின் ஃபுல்ஹாம் மாளிகை நூலகத்தில் புத்தகம் பத்திரமாக இருந்தது. 1856-இல் அச்சாகி, 1897-இல் மாசசூசெட்ஸுக்கே திரும்பி வந்தது. அதன் இறுதியில், கப்பலில் வந்த ஒவ்வொரு குடும்பத்தின் பெயர்களையும், முப்பது ஆண்டுகளுக்குப் பின் அவர்கள் நிலை என்ன என்பதையும் பிராட்ஃபோர்ட் பட்டியலிட்டிருக்கிறார். கார்வர் வீட்டாராக அதில் எட்டுப் பேர்: கணவன், மனைவி, டிசயர் மின்டர் என்ற பெண், ஹவுலண்டும் இன்னொருவருமாக இரண்டு பணியாளர்கள், இரு சிறுவர்கள், ஒரு வேலைக்காரப் பெண். மகள் என்று ஒருத்தியும் இல்லை. ஹவுலண்ட் மணந்தது ஜான் டில்லியின் மகள் எலிசபெத்தை என்றும், இருவரும் உயிரோடு இருக்கிறார்கள், பத்துப் பிள்ளைகளும் நலம் என்றும் அந்தப் பட்டியல் தெளிவாகச் சொல்கிறது.

கல்லைத் தள்ளிவிட்டு இந்தக் கையெழுத்தை ஏன் நம்ப வேண்டும்? இரண்டும் மனிதர் எழுதியவைதாமே என்று கேட்கலாம். மூன்று கேள்விகள் இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும். எழுதியவர் நிகழ்ச்சிக்கு எவ்வளவு அருகில் இருந்தார்? எதற்காக எழுதினார்? அவர் சொல்வதை அவரோடு தொடர்பில்லாத வேறொரு சாட்சி உறுதி செய்கிறதா? பிராட்ஃபோர்ட் அதே கப்பலில் வந்தவர், அதே சிற்றூரில் எலிசபெத்தோடு முப்பது ஆண்டு வாழ்ந்தவர். கல்லை நட்டவர்களோ அவள் இறந்து நூற்றைம்பது ஆண்டு கழித்து வந்தவர்கள். ஒரு பணியாளருக்கும் ஓர் அநாதைச் சிறுமிக்கும் இல்லாத உறவை இட்டுக்கட்டுவதால் பிராட்ஃபோர்டுக்கு எந்த லாபமும் இல்லை. ஆளுநரின் இரத்தம் தங்கள் உடலில் ஓடுகிறது என்று நம்புவதில் வம்சத்தாருக்குப் பெருமை இருந்தது. மூன்றாவது சாட்சி இங்கிலாந்திலிருந்து கிடைத்தது. பெட்ஃபோர்ட்ஷயரில் ஹென்லோ என்ற ஊரின் தேவாலயப் பதிவேட்டில், ஜான் டில்லியின் மகள் எலிசபெத்துக்கு 1607 ஆகஸ்ட் 30 அன்று ஞானஸ்நானம் நடந்தது பதிவாகியிருக்கிறது. அந்தப் பதிவை எழுதிய ஊர்க் குருவுக்கு அமெரிக்கா என்ற நினைப்பே இருந்திருக்காது. ஒருவரையொருவர் அறியாத இரு கைகள் கடலின் இரு கரைகளில் எழுதியவை ஒன்றோடொன்று பொருந்துகின்றன. அந்தப் பொருத்தத்துக்குத்தான் ஆதாரம் என்று பெயர்.

இதைவிட எளிய ஒரு தாளைப் பார்ப்போம். 1627 மே மாதம் பிளிமத் குடியேறிகள் பொதுவில் வைத்திருந்த கால்நடைகளைப் பங்கு போட்டார்கள். ஆள் கணக்கில் பங்கு. ஆகவே கைக்குழந்தைக்கும் ஒரு பங்கு உண்டு. மொத்தப் பேரும் பதின்மூன்று பேர் கொண்ட பன்னிரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். நான்காம் குழு ஹவுலண்டுடையது. அவர், மனைவி எலிசபெத், மகன் ஜான், மகள் டிசயர், பிறகு ஆல்டன் குடும்பத்தினர் நால்வர், மற்றும் ஐந்து பேர். அந்தக் குழுவுக்கு ஜேக்கப் என்ற கப்பலில் வந்த நான்கு கிடாரிகளில் ஒன்று கிடைத்தது. அதன் பெயர் ராக்ஹார்ன் என்பதுவரை எழுதி வைத்திருக்கிறார்கள். வம்சம் எழுத வேண்டும் என்று யாரும் இதை எழுதவில்லை. நாளைக்குப் பாலுக்கும் கன்றுக்கும் சண்டை வரக்கூடாது என்பதற்காக எழுதினார்கள். ஒரு பெயரைக் கூட்டிச் சேர்த்தால் அடுத்த குழுவினர் விடமாட்டார்கள். ஒரு பெயரை விட்டால் தகப்பன் விடமாட்டான். அதனால்தான் இந்தப் பட்டியல் இவ்வளவு உறுதியானது. ஹவுலண்டுக்கும் எலிசபெத்துக்கும் 1627 மே மாதத்துக்குள் இரண்டு பிள்ளைகள் பிறந்திருந்தன என்பதை இந்த மாட்டுக் கணக்கு மறுக்க முடியாதபடி சொல்கிறது.

உயில்களும் அப்படித்தான். கணவரின் உயில் 1672 மே மாதத்தில் எழுதப்பட்டது; மனைவியின் உயில் 1686 டிசம்பரில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு குடும்பமே எழுந்து நடமாடும். கணவரின் உயிலில், மகன் ஜானின் மகள் எலிசபெத் ஹவுலண்டுக்கு ஒரு சிறு தொகை. மனைவியின் உயிலில் அந்தப் பெயர் இல்லை. எலிசபெத் பர்ஸ்லி என்ற பேத்திக்கு ஒரு ஜோடி படுக்கை விரிப்பும் ஒரு மரப்பெட்டியும் என்று இருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் ஜானின் மகள் பர்ஸ்லி குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள் என்பதைத் திருமணப் பதிவு சொல்கிறது. கல்யாணமானதும் குடும்பப் பெயர் மாறிவிடும் சமூகத்தில், பெண் வழி அறுந்துபோகும் இடம் இதுதான். அறுந்த நூலை முடிச்சுப் போடுவதும் இதே தாள்தான். கணவரின் உயிலில் ஆறு மகள்கள். மனைவியின் உயிலில் மூவர் மட்டுமே. மற்ற மூவரைத் தாய் ஒதுக்கிவிட்டாள் என்று அவசரப்பட்டு முடிவு கட்டினால் தவறாகிவிடும். டிசயர், ஹோப், ரூத் மூவரும் தாய்க்கு முன்பே இறந்துபோனார்கள். டிசயர் கஷ்மன் என்ற பேத்திக்கு நான்கு ஆடுகள் எழுதி வைத்திருப்பதே ரூத்தின் வழியை அவள் மறக்கவில்லை என்பதற்குச் சான்று. சிறந்த இறகு மெத்தை, பச்சைக் கம்பளம், சிறிய பித்தளைப் பாத்திரம், சிறிய வேதாகமம் எல்லாம் மகள் லிடியாவுக்கு. தாய் தன் கடைசி நாள்களைக் கழித்தது லிடியா வீட்டில் என்று தெரியும்போது, அந்தப் பொருள்களுக்கு விலைக்கு மேல் ஒரு பொருள் இருப்பது புரியும்.

பழைய தாள் கையில் கிடைத்துவிட்டால் போதாது, அதன் மொழியில் அதைப் படிக்க வேண்டும். ஆங்கிலேயக் குடியேற்றங்களில் 1752 வரை புத்தாண்டு சட்டப்படி மார்ச் 25-இல் பிறந்தது. ஹவுலண்ட் இறந்த நாளைப் பதிவாளர்கள் 1672/3 பிப்ரவரி 23 என்று இரட்டை ஆண்டிட்டு எழுதுவது அதனால்தான். அவர்கள் கணக்கில் 1672, நம் கணக்கில் 1673. இது தெரியாமல், தாய் இறந்த பிறகு குழந்தை பிறந்ததாக எழுதி வைத்த கொடிவழிகள் உண்டு. உறவுச் சொற்களும் இன்றைய பொருளில் இல்லை. நாம் மருமகன் என்று எடுத்துக்கொள்ளும் ஆங்கிலச் சொல், அன்றைக்கு மனைவியின் முந்தைய கணவருக்குப் பிறந்த மகனையும் குறித்தது. பெயருக்குப் பின்னால் மூத்தவர், இளையவர் என்று இருந்தால் அப்பாவும் மகனும் என்று கொள்ள வேண்டியதில்லை. ஊரில் ஒரே பெயருள்ள இரண்டு பேரைப் பிரித்துக் காட்டவும் அப்படி எழுதினார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய பள்ளம் ஒத்த பெயர்தான். எலிசபெத்தின் தாய் ஜோன் ஹர்ஸ்ட், ஜான் டில்லியை மணப்பதற்கு முன் தாமஸ் ராஜர்ஸ் என்பவரை மணந்திருந்தார். மேபிளவரிலும் ஒரு தாமஸ் ராஜர்ஸ் வந்தார். பெயர் ஒன்றுதான், ஆள் வேறு. பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனவர் இங்கே வழுக்கி விழுவார்.

ஆகவே தேர்ந்த ஆய்வாளர்கள் புகழ்பெற்ற முன்னோரிடமிருந்து கீழே இறங்குவதில்லை. தமக்குத் தெரிந்த கடைசித் தலைமுறையில் தொடங்கி, ஒவ்வொரு பிள்ளையையும் அதன் பெற்றோரோடு கட்டும் ஆவணம் கிடைத்த பிறகே அடுத்த படி ஏறுகிறார்கள். 1850 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முதல் அடிமையல்லாத ஒவ்வொருவரின் பெயரும் இருக்கிறது. அதற்கு முன், 1790 முதல் 1840 வரை, வீட்டுத் தலைவர் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. அந்த இடத்தில் கணக்கெடுப்பை விட்டுவிட்டு நிலப் பத்திரம், உயில், ஊர்ப் பதிவேடு, தேவாலயப் பதிவேடு என்று போக வேண்டும். தாள் எங்கே கிடைக்கும் என்பதற்கும் எல்லை இல்லை. பிராட்ஃபோர்டின் புத்தகம் லண்டனில் கிடைத்தது. யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த எலிஹு யேல் 1649-இல் பாஸ்டனில் பிறந்தவர். அவர் திருமணம் 1680-இல் நடந்தது சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் புனித மேரி தேவாலயத்தில். அந்தத் தேவாலயத்தில் நடந்த முதல் திருமணமே அதுதான். அமெரிக்காவில் பிறந்த ஒருவரின் குடும்பச் சரித்திரத்தில் ஒரு பக்கம் நம் கடற்கரையில் இருக்கிறது.

அச்சுப் புத்தகங்களிலும் இணையத்திலும் ஆயத்தமாகக் கொடிவழிகள் கிடைக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்பார்கள். நூறு பேர் ஒன்றையே எழுதினால் நூறு சாட்சிகள் ஆகிவிடாது; ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதியிருந்தால் சாட்சி ஒன்றே. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குஸ்தாவ் அஞ்சூ என்பவர், செல்வந்தரான அமெரிக்கர்களுக்கு ஐரோப்பிய உயர்குடி வம்சாவளிகளைத் தயாரித்து விற்றார். உண்மையான ஆவணங்கள் பலவற்றுக்கு நடுவே தேவைப்பட்ட இடத்தில் மட்டும் பொய்யான ஓர் ஆவணத்தைச் செருகுவது அவர் வழக்கம். அவற்றை நம்பி எழுதப்பட்டவை பிற நூல்களில் பரவி இன்றும் உலவுகின்றன. எந்த வரியையும் அதன் மூல ஆவணம் வரை கொண்டுபோய்ப் பார்ப்பது ஒன்றுதான் இதற்கு மருந்து.

ஆனால் இந்த வாதம் வாய்மொழி மரபையே இழிவுபடுத்துவதாகாதா என்ற கேள்வி கனமானது. அதற்கு விடை இன்னொரு அமெரிக்கக் குடும்பத்தில் இருக்கிறது. அதிபர் தாமஸ் ஜெஃபர்சனுக்கும் அவர் அடிமையாக வைத்திருந்த சாலி ஹெமிங்ஸுக்கும் பிறந்த பிள்ளைகளின் வழி வந்தவர்கள் நாங்கள் என்று ஒரு கறுப்பினக் குடும்பம் தலைமுறைகளாகச் சொல்லி வந்தது. சாலியின் மகன் மேடிசன் 1873-இல் அதைப் பத்திரிகையிலேயே சொன்னார். வரலாற்றாசிரியர் பலர் நம்ப மறுத்தார்கள். 1998-இல் மரபணுச் சோதனை, சாலியின் இளைய மகன் எஸ்டனின் ஆண் வழி ஜெஃபர்சன் குடும்பத்தின் ஆண் வழியோடு பொருந்துவதைக் காட்டியது. மரபணு ‘ஒரு ஜெஃபர்சன்’ என்றுதான் சொன்னது. எந்த ஜெஃபர்சன் என்று சொல்ல, சாலியின் பிள்ளைகள் கருவுற்ற காலங்களில் தாமஸ் தம் மான்டிசெல்லோ மாளிகையில்தான் இருந்தார் என்று காட்டும் தாள்கள் வேண்டியிருந்தன. வாய்மொழி இங்கே வென்றது, ஹவுலண்ட் வீட்டில் தோற்றது. சொல்வது யார் என்று பாராமல் இரண்டையும் ஒரே உரைகல்லில் உரைக்க வேண்டும். அதே சமயம், இனி மரபணு மட்டுமே போதும் என்பதும் சரியல்ல. பன்னிரண்டு தலைமுறைக்கு மேலே ஒருவருக்கு 4,096 முன்னோர் இடங்கள். அவர்களில் பெரும்பாலோரின் மரபணுத் துண்டு ஒன்றுகூட இன்றைய உடலில் இருக்காது. இரத்தம் உறவைச் சொல்லும். பெயரையும் ஊரையும் தாள்தான் சொல்லும்.

தாள் அதிகாரம் உள்ளவர்களுக்குத்தானே சொந்தம் என்ற ஆட்சேபம் இவை எல்லாவற்றிலும் நியாயமானது. பிளிமத் குடியேற்றம் எழுந்தது, கொள்ளைநோயில் அழிந்துபோன பட்டூக்செட் என்ற பூர்வகுடி ஊரின் மேல். அந்த ஊராரின் பெயர்களை யாரும் பட்டியலிட்டு வைக்கவில்லை. 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகள் பெரும்பாலும் பெயரின்றி, உரிமையாளர் பெயருக்குக் கீழே வயதும் பாலினமுமாக மட்டும் இருக்கிறார்கள். விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் பெயர்கள் அனைத்தும் முதன்முதலாக வருவது 1870-இல். அந்த ஆண்டைத் தாண்டிப் பின்னே போக முடியாமல் பல குடும்பங்கள் இன்றும் நிற்கின்றன. ஆனாலும் அதே அதிகாரத் தாள்களில் சிலர் தம் அடையாளத்தை விட்டுப் போயிருக்கிறார்கள். 1625 வர்ஜீனியக் கணக்கெடுப்பில் ‘அன்டோனியோ, ஒரு நீக்ரோ’ என்று மட்டும் இருப்பவர், 1621-இல் ஜேம்ஸ் என்ற கப்பலில் வந்தவர். பின்னாளில் ஆன்டனி ஜான்சன் என்ற பெயரில் 1651-இல் 250 ஏக்கர் நிலம் பெற்றார். அவர் பேரன் 1677-இல் மேரிலாந்தில் 44 ஏக்கர் வாங்கி, அந்த நிலத்துக்கு அங்கோலா என்று பெயரிட்டான். பாட்டன் எங்கிருந்து பிடித்து வரப்பட்டார் என்பதற்கு அந்த நிலப் பத்திரம் ஒரு குறிப்பாக நிற்கிறது. தாள்கள் ஓரவஞ்சனை உள்ளவை என்பதால் அவற்றைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. யாருடைய பெயர் இல்லை, ஏன் இல்லை என்று கேட்டுப் படிக்க வேண்டும். பெயரில்லாத இடமும் அன்றைய அநீதிக்குச் சாட்சியே.

கடைசியாக, இதனால் யாருக்கு என்ன பயன் என்ற கேள்வி. பெருமைக்காகத் தேடினால் பயனில்லை; பெருமையைத் தேடியவர்களுக்கு ஆளுநரின் மகள் கிடைத்தாள், அவள் இல்லாத ஒருத்தி. இருந்தவளோ பதின்மூன்று வயதில் தாய் தந்தையோடு கப்பலேறியவள். அந்த முதல் குளிர்காலத்தில் தகப்பன் ஜான் டில்லி இறந்தார், தாய் ஜோன் இறந்தாள், கூட வந்த சிற்றப்பனும் சிற்றன்னையும் இறந்தார்கள். யாருமற்று நின்ற அந்தப் பெண் எண்பது வயது வரை வாழ்ந்து ஒரு பெரும் குடும்பத்துக்கு மூலமானாள். ஆளுநர் கதை அவளுக்கு ஒரு கௌரவம் தந்ததாக நினைத்துக்கொண்டு, அவளைப் பெற்றவர்களை அவளிடமிருந்து பிடுங்கிவிட்டது. அவர்களை அவளுக்குத் திருப்பிக் கொடுத்தவை பிராட்ஃபோர்டின் பட்டியலும் ஹென்லோ தேவாலயத்தின் பழுப்பேறிய ஏடும்தான். செத்தவர்களுக்கு நாம் செய்யக்கூடிய நியாயம் இது ஒன்றே: அவர்கள் யாராக இருந்தார்களோ, அவர்களாகவே அவர்களை நினைவில் வைத்திருப்பது. பிளிமத் குன்றில் இன்று நிற்கும் கல்லில், எலிசபெத் ஜான் டில்லியின் மகள் என்று பொறித்திருக்கிறது.